மீன்களுக்கும் ஒரு வருகைப் பதிவேடு!



உங்களில் எத்தனை பேர் தூண்டில் போட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

மேட்டூர், பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரிக் கரையில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் கை தூக்கியிருப்பீர்கள். ஆற்றங்கரையில் இல்லாதவர்களும் ஏரி நிறைந்த வருஷத்தில் ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், ஒரு தக்கை, நாலு மண்புழு என்று கிளம்பியிருப்பீர்கள். நான் வாத்தியாராக இருந்த ஊரில், ஆடி மாதம் புதுத் தண்ணீர் வந்துவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே நான் 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் ஆற்றங்கரையில் மீனை எண்ணிக்கொண்டிருப்பார்கள்!

அப்படி ஆற்றங்கரையில் மீனை எண்ணி எழுதிவைத்த சிலரால், காவிரியின் மிகப் பெரிய ரகசியம் ஒன்று வெளியே வந்தது. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இரண்டு மூட்டை அரிசியை விடக் கனமான மீன்

காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டுமே வாழும் மீன் ஒன்று உண்டு. உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் கிடையாது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொன் நிறச் செதில்கள், தலைக்குப் பின்னால் மேடு தட்டிய முதுகு. அதனால் அதைக் 'கூன் முதுகு மகசீர்' என்கிறார்கள்.

நம் குளத்துக் கெண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்யாதீர்கள். 1946-ஆம் ஆண்டு காவிரியின் கிளை ஆறான கபினியில் ஒருவர் தூண்டிலில் பிடித்த மகசீர் 120 பவுண்டு எடை இருந்தது. அதாவது 54 கிலோ! இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகாது.

இந்த மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்காகவே வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் காவிரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். விற்கவோ சமைக்கவோ அல்ல, பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்கள் இவர்கள். பிற்காலத்தில் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் ஏற்பட்டது. மீனைப் பிடிப்பார்கள், எடை பார்ப்பார்கள், பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள்.

"பிடித்த மீனை விடுவதா? அப்புறம் எதற்குப் பிடிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் மாணவன் ஒருவனும் இதையே கேட்டான். கபடியில் எதிரணிக்காரனைப் பிடித்துவிட்டு, வீட்டுக்கா தூக்கிக்கொண்டு போகிறோம்? இவர்களுக்கு இது ஒரு விளையாட்டு.

நோட்டுப் புத்தகம் சொன்ன கணக்கு

மேட்டூருக்கும் ஒகேனக்கல்லுக்கும் மேலே, கர்நாடகத்துக் காட்டுக்குள் காவிரிக் கரையில் காலிபோரே என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இப்படி மீன் பிடிப்பவர்களுக்கான முகாம் ஒன்று இருந்தது. அங்கே வந்தவர்கள் ஒரு கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டார்கள். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டோம், எத்தனை மீன் கிடைத்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு எடை, எப்படி இருந்தது என்பதையெல்லாம் எழுதிவைத்தார்கள்.

1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளை, இங்கிலாந்தையும் இந்தியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 23,000 மணி நேரத்துக்கும் மேல் தூண்டில் போட்டு, 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்களைப் பிடித்திருந்தார்கள். ஒரு மீனுக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். எவ்வளவு பொறுமை பாருங்கள்!

மணி நேரத்தை எதற்கு எழுத வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். போன வருஷம் நீங்கள் 4 மணி நேரம் தூண்டில் போட்டு 8 மீன் பிடித்தீர்கள். இந்த வருஷமும் 8 மீன்தான். ஆனால் அதற்கு 8 மணி நேரம் ஆயிற்று. மீன் குறையவில்லை என்று சொல்லலாமா? கூடாது. போன வருஷம் மணிக்கு 2 மீன், இந்த வருஷம் மணிக்கு 1 மீன். ஏரியில் மீன் குறைந்திருக்கலாம் என்று அந்தக் கணக்கு எச்சரிக்கிறது. கடலிலும் ஏரியிலும் மீன்வளத்தை அளக்கும் விஞ்ஞானிகள் போடும் முக்கியமான கணக்குகளில் ஒன்று இதுதான். நாலாம் வகுப்பு வகுத்தல் போதும்!

அந்தக் கணக்கைக் காலிபோரே நோட்டில் போட்டுப் பார்த்தார்கள். விடை மகிழ்ச்சியாக இருந்தது. மணிக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. அதாவது குட்டி மீன்கள் நிறைய வந்திருக்கின்றன. "ஆறு செழிப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் அவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள். "எத்தனை மீன் என்று தெரிந்தது. எந்த மீன்?"

பிரித்துப் பார்த்தபோது...

நோட்டில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நம் கூன் முதுகு மகசீர். மற்றொன்று நீலத் துடுப்பு மகசீர். இந்த இரண்டாவது மீன் காவிரியைச் சேர்ந்ததே அல்ல. 1970-களிலிருந்து மகாராஷ்டிர மாநிலம் லோனாவ்லாவில் குஞ்சு பொரித்து, நாட்டின் பல ஆறுகளில் விடப்பட்ட மீன் அது. யாரும் கெட்ட எண்ணத்தில் விடவில்லை. மகசீர் குறைந்து வருகிறதே, குஞ்சு விட்டால் பெருகுமே என்று நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள்.

தனித்தனியாகப் பிரித்து எண்ணியதும் உண்மை வெளிப்பட்டது. பெருகியது முழுவதும் நீலத் துடுப்பு. கூன் முதுகு மீன் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்திருந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். எப்போதாவது கிடைத்த கூன் முதுகு மீன்கள், முன்பை விடப் பெரிதாக இருந்தன!

பெரிய மீன் கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். அது நல்லதல்ல. ஏன் என்று ஒரு வாத்தியாருக்குச் சட்டென்று புரியும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வருகைப் பதிவேடு வைத்திருந்தவன் நான். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு வருஷம் முதல் வகுப்பில் ஒரு பிள்ளை கூடச் சேரவில்லை. அடுத்த வருஷமும் சேரவில்லை. அப்போது அந்தப் பள்ளியில் இருந்த பிள்ளைகளின் சராசரி வயது என்ன ஆகும்? கூடும். சராசரி உயரம்? அதுவும் கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, "அடடா, எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வளர்ந்திருக்கிறார்களே!" என்று தோன்றும். ஆனால் எங்களுக்குத் தெரியும், இன்னும் மூன்று வருஷத்தில் அந்தப் பள்ளியை மூட வேண்டியதுதான் என்று.

கூன் முதுகு மகசீருக்கு நேர்ந்தது அதுதான். பெரியவை மட்டும் மிஞ்சியிருந்தன. குட்டிகள் வரவில்லை. முதல் வகுப்பு காலி! மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பெயர் இல்லாத பெருமீன்

இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு, அறிவியல் முறைப்படி உறுதியான பெயர் ஒன்று இல்லாமலே இருந்தது என்றால் நம்புவீர்களா? ஏறத்தாழ 150 ஆண்டுகளாகப் பிடித்தார்கள், படம் எடுத்தார்கள், கதை எழுதினார்கள். எந்த இனம் என்பதை மட்டும் யாரும் தீர்மானிக்கவில்லை. பெயர் இல்லாவிட்டால், அழிந்து வரும் உயிரினங்களின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் யார் தேடுவார்கள்?

விடை கிடைத்த இடம் நம் தமிழ்நாடு. நீலகிரி அடிவாரத்துக் காட்டில் ஓடும் மோயாற்றில் கூன் முதுகு மகசீர் இன்னும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை ஆராய்ந்ததில், அமராவதியில் கலக்கும் பாம்பாற்றில் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட ஒரு மகசீரும் இதுவும் ஒரே இனம் என்று தெரிந்தது. அதன் பெயர் 'டோர் ரெமாதேவி'. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் சென்னை மையத்தில் பணியாற்றிய மீன் ஆய்வாளர் ரெமாதேவி அம்மையாரைச் சிறப்பிக்கும் வகையில் வைக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு ஜூனில் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரிலேயே, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதைத் தன் சிவப்புப் பட்டியலில் 'மிகவும் அருகிவிட்ட இனம்' என்று சேர்த்தது. அதற்கு அடுத்த படி, இயற்கையில் அழிந்தே போவதுதான்.

மோயாற்றுத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? பவானிசாகர் அணைக்கு வந்து, பவானி ஆறாக ஓடி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. எதிர்க்கரையில் நம் குமாரபாளையம். எங்கோ இருக்கிற மீனின் கதை அல்ல இது!

தடை போட்டால் போதுமா?

இப்போது ஒரு சிக்கலான கேள்வி. காலிபோரே இருப்பது வன உயிரினச் சரணாலயத்துக்குள். சரணாலயத்தில் எந்த விலங்கையும் துன்புறுத்தக் கூடாது என்பது சட்டம். முள்ளில் மாட்டி இழுப்பதும் துன்பம்தானே? அதனால் அங்கே தூண்டில் போடுவது 2012-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது.

இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "மான் வேட்டை கூடாது என்றால் மீன் வேட்டை மட்டும் எப்படிக் கூடும்?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. விட்டுவிடும் மீனும் களைத்துப் போகும், சில சமயம் இறந்தும் போகும். இது உண்மை.

மற்றத் தரப்பு சொல்வதையும் கேளுங்கள். முகாம் இருந்தபோது ஆற்றோரம் காவல் இருந்தது. திருட்டுத்தனமாக மீன் பிடித்த உள்ளூர்க்காரர்கள் சிலருக்கே வழிகாட்டி வேலை கிடைத்து, அவர்களே காவலர்களாக மாறினார்கள். முகாம் போனதும் அந்தக் காவலும் போயிற்று, அந்த நோட்டுப் புத்தகமும் நின்று போயிற்று. ஆற்றில் தோட்டா போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு அது வசதியாகிவிட்டது என்கிறார்கள்.

தோட்டா போடுவது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வெடியில் பெரிய மீன், குஞ்சு எல்லாமே சாகும். மிதந்து வருவதை எடுத்துக்கொண்டு, ஆழத்தில் செத்துக் கிடப்பதை விட்டுவிட்டுப் போவார்கள். 1897-ஆம் ஆண்டுச் சட்டமே வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றம் என்கிறது.

தடை வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, எண்ணுவது மட்டும் நிற்கக் கூடாது என்பது என் எண்ணம். பள்ளிக்கு விடுமுறை விடலாம். பதிவேட்டைத் தொலைக்கலாமா?

நம் சமவெளிக் காவிரி

இனி நம் ஊருக்கு வருவோம். 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 120 அடிக்குத் தண்ணீர் நிற்கும் அந்த நீர்த்தேக்கத்தில், உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை விரிக்கிறார்கள். அவர்களுக்கு மீன் பொழுதுபோக்கு அல்ல, சோறு. பிடித்ததை விடு என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. நாளைக்கும் மீன் இருக்கும்படி பிடியுங்கள் என்றுதான் சொல்லலாம்.

அணை நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் மீனுக்கு அது ஒரு பெரிய சுவர். கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும் உல்லம் என்ற மீன், அணைகள் வழி மறித்த பிறகு காவிரியில் அரிதாகிவிட்டது. மணலை அள்ளி எடுத்தால், கூழாங்கல்லும் மணலும் உள்ள ஓடுநீரில் முட்டையிடும் மீன்களுக்கு இடமே இல்லாமல் போகிறது.

நாம் சாப்பிடும் மீனிலும் வெளியூர்க்காரர்கள் உண்டு. மேட்டூர் மீன் என்று நாம் வாங்கும் கட்லா வடக்கத்திய ஆறுகளின் மீன். கொண்டு வந்து விடப்பட்டது. ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. கட்லா பலருக்குப் பிழைப்புக் கொடுத்தது. ஜிலேபியோ குளம் குளமாகப் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு அரசே தடை போட்டிருக்கிறது. ஆகவே வெளியூர் மீன் எல்லாம் கெட்டது என்றும் சொல்ல முடியாது, எதையும் கொண்டு வந்து விடலாம் என்றும் சொல்ல முடியாது. எந்த மீன், எந்த ஆற்றில் என்று பார்க்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தின் கீழ், ஆறுகளில் நாட்டு மீன் குஞ்சுகளை விடும் பணி நடக்கிறது. காவிரியிலும் விடுகிறார்கள். நல்ல காரியம். செய்தித்தாளில் "இத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன" என்று வரும்போது, காலிபோரே நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை லட்சம் என்பதோடு நிற்காமல், என்ன மீன், அடுத்த வருஷம் எத்தனை பிழைத்தன என்றும் கேளுங்கள்.

குட்டியை விடு, பாட்டியையும் விடு!

கடலில் என்ன செய்கிறார்கள்? நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கொடுக்கும் அவகாசம் அது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் தூண்டில் போடுபவர்களுக்கு ஒரு வேடிக்கையான சட்டம் உண்டு. 'ரெட் டிரம்' என்ற மீன் 18 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் தண்ணீரில் விட வேண்டும். 27 அங்குலத்துக்கு மேல் இருந்தாலும் விட வேண்டும்! நடுத்தர அளவை மட்டுமே வீட்டுக்குக் கொண்டு போகலாம். குட்டியை விடுவது வளர்வதற்கு. பெரியதை விடுவது ஏன்? அதுதான் நிறைய முட்டையிடும் பாட்டி மீன். நம் வீட்டில் விதை நெல்லைத் தனியாக எடுத்து வைப்பார்களே, அதே யோசனைதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* தனியாக ஆற்றில் இறங்காதீர்கள். இதுதான் முதல் விதி. காவிரியில் சுழலும் உண்டு, மணல் அள்ளிய பள்ளமும் உண்டு. பெரியவர்களோடு போங்கள், கரையிலேயே நில்லுங்கள்.
* விரல் நீளக் குஞ்சு மாட்டினால் விட்டுவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். காய்ந்த கை, மீனின் மேல் உள்ள வழவழப்பை உரித்துவிடும். அந்த வழவழப்புதான் அதற்கு நோய் வராமல் காக்கும் சட்டை.
* அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கும் ஆமையும் அதில் சிக்கிச் சாகும்.
* தொட்டியில் வளர்த்த வண்ண மீன் அலுத்துப் போனால் ஏரியில் விடாதீர்கள். தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்யும் 'டேங்க் கிளீனர்' மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குள் புகுந்துவிட்டது.
* ஒரு நோட்டு போடுங்கள். தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று ஆறு கட்டம் போதும்.

மீன் பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது? வீட்டுத் தாத்தாவிடம், பரிசல்காரரிடம், மீன் விற்கும் அக்காவிடம் கேளுங்கள். ஆரால், குரவை, அயிரை, வாளை, கல்பாசு என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். "எங்கள் காலத்தில் இன்னொரு மீன் இருந்தது. இப்போது காணோம்" என்றும் சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வராதவர் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் நான் தலைகளை எண்ணியதில்லை. ஒவ்வொரு பெயராகத்தான் கூப்பிடுவேன். நாற்பது தலை இருக்கிறது என்று எண்ணிவிட்டு உட்கார்ந்தால், அடுத்த வகுப்புப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்திருப்பான், என் பையன் ஒருவன் காணாமல் போயிருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் யார் இல்லை என்று தெரியும்.

காவிரிக்கும் அப்படி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆள் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குவீர்களா?